நம்ம வரிப்பணத்தில் சேர்த்த டேட்டா... நமக்கே ஏன் கிடைக்க மாட்டேங்குது? 'திறந்த அரசுத் தரவு' - முழு விளக்கம்

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் காலை ஷிப்டுக்கு ஒரு நிரந்தர வேலை உண்டு. எந்த ஊரில் எவ்வளவு மழை என்ற பட்டியல் வாட்ஸ்அப்பில் வரும். கம்ப்யூட்டரில் அடித்து, பிரின்ட் எடுத்து, கையெழுத்து போட்டு, அதை ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக்கி அனுப்பியிருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்து ஒவ்வொரு ஊர் பெயரையும், எண்ணையும் நாங்கள் திரும்ப டைப் அடிக்க வேண்டும்.

ஒருநாள் அப்படி அடிக்கும்போது 7.4 மில்லிமீட்டர் என்று இருந்ததை 74 என்று அடித்துவிட்டேன். ஒரு புள்ளிதான் போச்சு. தூறல் கனமழை ஆகிவிட்டது! கார்டு வெளியான கொஞ்ச நேரத்தில் ஒரு வாசகரின் கமெண்ட்: "எங்க ஊர்ல குடையே விரிக்கலயே சார்?" உடனே திருத்தினோம். ஆனால் அதற்குள் பழைய கார்டு ஸ்கிரீன்ஷாட்டாக குடும்ப குரூப்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "நாளைக்கு ஸ்கூல் லீவா?" என்று கேட்டு போன் வர ஆரம்பித்தது.

தப்பு என்னுடையதுதான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு கம்ப்யூட்டரில் சரியாக இருந்த எண், இன்னொரு கம்ப்யூட்டருக்கு வருவதற்குள் ஏன் ஒரு மனுஷனின் கண்ணையும் விரலையும் தாண்டி வர வேண்டும்? அந்த அட்டவணையை அப்படியே கொடுத்திருந்தால் என்ன?

இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. அதன் பெயர் 'திறந்த அரசுத் தரவு'. அப்படின்னா என்ன, அதனால் நமக்கு என்ன லாபம், அதில் என்ன ஆபத்து? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

திறந்த அரசுத் தரவு என்றால் என்ன?

மழை அளவு, ஏரி நீர்மட்டம், காய்கறி விலை, பஸ் நேரம், பள்ளிகளின் எண்ணிக்கை, பட்ஜெட் செலவு, விபத்து விவரம், வரைபடம்... அரசு தன் வேலைக்காக தினமும் ஆயிரக்கணக்கான விவரங்களைச் சேகரிக்கிறது. அதற்கான செலவு நம் வரிப்பணம். இந்த விவரங்களை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பயன்படுத்தலாம், மாற்றி அமைக்கலாம், அதை வைத்து தொழில்கூட செய்யலாம் என்று அரசே திறந்துவிடுவதுதான் திறந்த அரசுத் தரவு.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. நூல்களை நாட்டுடைமை ஆக்குவது நமக்குத் தெரியும்தானே? பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-ல் அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கியது. பிறகு அது மக்களுக்குப் பொதுவானது. அதற்கு அப்புறம் யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மலிவு விலைப் பதிப்பு போட்டவர்கள் உண்டு, செம்பதிப்பு போட்டவர்கள் உண்டு, சினிமாவில் பாடவைத்தவர்கள் உண்டு. அதில் லாபம் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் அதனால்தான் பாரதி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தார்.

அரசுத் தரவைத் திறப்பதும் கிட்டத்தட்ட அதேதான். ஒரே வித்தியாசம், எழுத்தாளரின் நூலை நாட்டுடைமை ஆக்க அரசு பரிவுத்தொகை கொடுக்க வேண்டும். தரவுக்கு அதுகூட வேண்டாம். ஏற்கெனவே நாம் காசு கொடுத்துவிட்டோம்.

அதுக்குத்தான் ஆர்டிஐ இருக்கே?

நல்ல கேள்வி. 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. 1990-களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு ஊர்க்கூட்டங்களை நடத்தியது. அரசு வேலைக்கான கூலிப் பட்டியல்களை மக்கள் முன்னால் சத்தமாக வாசித்தார்கள். இறந்துபோனவர்கள் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒரு அலுவலகப் பட்டியலை ஊருக்கு நடுவே வாசித்தாலே இவ்வளவு நடக்கும் என்று நாடு தெரிந்துகொண்டது அப்போதுதான். தமிழ்நாட்டில் 1997-லேயே மாநில அளவில் ஒரு தகவல் உரிமைச் சட்டம் வந்தது.

ஆனால் ஆர்டிஐ-க்கும் திறந்த தரவுக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கிறது.

ஆர்டிஐ-யில் நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும். 10 ரூபாய் கட்ட வேண்டும், 30 நாள் காத்திருக்க வேண்டும். பதில் உங்கள் ஒருவருக்கு வரும். அதே கேள்வியை இன்னொருவர் கேட்டால் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பம்.

திறந்த தரவில் கேட்காமலேயே, எல்லோருக்கும், ஒரே நேரத்தில் கிடைக்கும்.

உண்மையில் ஆர்டிஐ சட்டத்தின் 4-வது பிரிவே இதைத்தான் சொல்கிறது. மக்கள் மனு போட வேண்டிய தேவையே குறையும் அளவுக்கு அரசு அலுவலகங்கள் தாங்களாகவே தகவல்களை வெளியிட வேண்டும் என்பது அதன் சாரம். இன்னொரு சுவாரசியமும் உண்டு. தகவலை ஃபிளாப்பியிலோ, டேப்பிலோ, வேறு மின்னணு வடிவத்திலோ பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு என்று 2(ஜே) பிரிவு சொல்கிறது. ஃபிளாப்பியே காணாமல் போய்விட்டது. நமக்கு பிரின்ட் எடுத்த தாள் மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

வெப்சைட்டில் போட்டாலே 'திறந்தது' ஆகிடுமா?

ஆகாது. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஒரு தரவு உண்மையிலேயே திறந்ததாக இருக்க மூன்று விஷயங்கள் வேண்டும்.

ஒன்று, சட்ட அனுமதி. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி அரசு வெளியிடும் படைப்புகளுக்கு அரசுதான் உரிமையாளர். அந்த உரிமை 60 ஆண்டுகள் நீடிக்கும். அரசிதழ், சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. மற்றபடி, இணையத்தில் கண்ணுக்குத் தெரிகிறது என்பதாலேயே அதை எடுத்து ஒரு ஆப் செய்து விற்கலாம் என்று அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே மத்திய அரசின் படைப்புகளுக்குக் காப்புரிமையே கிடையாது.

இரண்டு, கம்ப்யூட்டர் படிக்கும் வடிவம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் மனிதருக்குப் புரியும். கம்ப்யூட்டருக்கு அது வெறும் படம். அதே விவரம் எக்செல் கோப்பாகவோ சி.எஸ்.வி கோப்பாகவோ இருந்தால் அப்படியே கூட்டலாம், ஒப்பிடலாம், மேப்பில் போடலாம்.

மூன்று, முழுமையும் நேரமும். ஒரு தெருவின் விவரத்தை கேப்ட்சா அடித்துப் பார்ப்பது ஒரு விஷயம். மாவட்டத்தின் எல்லாத் தெருக்களையும் ஒரே கோப்பாக எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது வேறு விஷயம். அதேபோல வெள்ளம் வடிந்த பிறகு வரும் மழைக் கணக்கு ஆராய்ச்சிக்கு உதவும், ஆளைக் காப்பாற்ற உதவாது.

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2010-ல் இதற்கு ஐந்து நட்சத்திர மதிப்பெண் முறை ஒன்றைச் சொன்னார். ஹோட்டல் ரேட்டிங் மாதிரிதான்.

- திறந்த உரிமத்துடன் எந்த வடிவத்திலாவது இணையத்தில் இருந்தால் 1 நட்சத்திரம். ஸ்கேன் பிடிஎஃப் கூட இதில் வரும்.
- எக்செல் போல கம்ப்யூட்டர் படிக்கும் அட்டவணையாக இருந்தால் 2.
- எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் நம்பி இல்லாத சி.எஸ்.வி போன்ற வடிவத்தில் இருந்தால் 3.
- ஒவ்வொரு விவரத்துக்கும் நிரந்தர இணைய முகவரி இருந்தால் 4.
- மற்ற தரவுகளோடு இணைக்கப்பட்டும் இருந்தால் 5.

நம் மழைப் பட்டியல் பிடிஎஃப்-க்கு எத்தனை நட்சத்திரம்? உரிமம் எதுவும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் வருவதால், கறாராகப் பார்த்தால் ஒன்றுகூடக் கிடைக்காது!

கொரோனா கற்றுக்கொடுத்த பாடம்

2020-ல் தினமும் மாலை நாம் எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருந்தது எதை? மாவட்ட வாரியான கொரோனா எண்ணிக்கையை. தமிழ்நாடு சுகாதாரத் துறையின் தினசரி அறிக்கை விரிவாகவே இருக்கும். இறந்தவர்களின் வயது, இணை நோய் வரை கொடுத்தார்கள். ஆனால் அது வந்தது பிடிஎஃப்-பில். வேறு சில மாநிலங்களில் ட்வீட், சில இடங்களில் வெறும் படம்.

நாடு முழுவதும் இருந்த தன்னார்வலர்கள் ஒன்றுசேர்ந்து, மாநில அரசுகள் வெளியிட்ட இந்த அறிக்கைகளைப் பார்த்து, எண்களைச் சேர்த்து, சரிபார்த்து 'கோவிட்19 இந்தியா' என்ற தளத்தில் அட்டவணையாக வெளியிட்டார்கள். டிவி சேனல்கள், ஆராய்ச்சியாளர்கள், சாதாரண மக்கள் என எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் நடந்த அந்த வேலையை 2021 அக்டோபர் 31-ம் தேதியோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். மக்கள் முன்வந்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இது சாட்சி. அரசு அதே எண்களை முதலிலேயே சி.எஸ்.வி-யாகக் கொடுத்திருந்தால், அந்த இளைஞர்களின் ராத்திரித் தூக்கம் மிச்சமாகியிருக்கும் என்பதும் உண்மை.

திறந்துவிட்டால் என்ன நடக்கும்?

மீனவர்கள்: ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் மூலம் கடல் மேற்பரப்பின் வெப்பநிலை, பச்சையம் ஆகியவற்றைக் கணக்கிட்டு எங்கே மீன் கூட வாய்ப்பு அதிகம் என்று சொல்கிறது. அலை உயரம், காற்றின் வேகமும் சொல்கிறது. சென்னையில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த விவரங்களை எடுத்து, 'ஃபிஷர் ஃபிரெண்ட்' என்ற மொபைல் ஆப் வழியாக மீனவர்களிடம் அவர்கள் மொழியிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தரவு அரசுடையது. அதைக் கரைக்குக் கொண்டுவந்தது வேறொரு அமைப்பு. கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று விடியற்காலையில் முடிவெடுக்கும் ஒருவருக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பஸ் பயணிகள்: டெல்லி அரசு, ஐ.ஐ.ஐ.டி டெல்லியுடன் சேர்ந்து 2018-ல் பஸ்களின் வழித்தடம், நேரம், இப்போது எங்கே வருகிறது என்ற விவரத்தை திறந்த தளமாக வெளியிட்டது. அதே ஆண்டு கொச்சி மெட்ரோவும் தன் நேர அட்டவணையைத் திறந்துவிட்டது. லண்டனில் போக்குவரத்து விவரங்களைத் திறந்ததால் பயணிகளுக்கு மிச்சமான நேரம், புதிய தொழில்கள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 13 கோடி பவுண்டு வரை பலன் என்று டெலாய்ட் நிறுவனம் 2017-ல் கணக்கிட்டது.

விவசாயிகள், வியாபாரிகள்: மத்திய அரசின் அக்மார்க்நெட் மூலம் சேகரிக்கப்படும் சந்தை விலை, டேட்டா டாட் கவ் டாட் இன் தளத்தில் தினமும் கிடைக்கிறது. எந்தச் சந்தையில் என்ன பொருள், குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலும் விற்ற விலை என்று அட்டவணையாக இருக்கும். இதை வைத்து யாரும் ஒரு விலை ஒப்பீட்டு ஆப் செய்யலாம்.

ஆன்லைனில் ஆர்டர் போடுபவர்கள்: பின்கோடு அடித்ததும் ஊர், மாவட்டம் எல்லாம் தானாக வருகிறதே, எப்படி? நாடு முழுவதற்குமான அஞ்சல் பின்கோடு பட்டியல் திறந்த தரவாகக் கிடைக்கிறது. ஒரு சின்னக் கடைக்காரர் வெப்சைட் தொடங்கினாலும் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வகையில் உலகத்துக்கே தெரிந்த உதாரணம் ஜிபிஎஸ். 1983-ல் வழிதவறி சோவியத் எல்லைக்குள் போன கொரிய பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தனர். அதன் பிறகுதான், ராணுவத்துக்காக உருவாகிவந்த ஜிபிஎஸ் சிக்னலை மக்களுக்கும் இலவசமாகத் தருவோம் என்று அமெரிக்கா அறிவித்தது. வேண்டுமென்றே துல்லியத்தைக் குறைத்துக் கொடுத்ததையும் 2000 மே மாதம் நிறுத்தியது. இன்று கேப் புக்கிங், சாப்பாடு டெலிவரி எல்லாம் அதன் மேல்தான் ஓடுகிறது.

காசுக்கு விற்றால் அரசுக்கு வருமானம்தானே?

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது.

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படம் எடுக்கின்றன. ஒரு கட்டத்தில் ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. பிறகு 600 டாலராகக் குறைந்தது. அப்போதும் நாளொன்றுக்கு சில டஜன் படங்கள்தான் விற்றன. 2008-ல் மொத்தமும் இலவசம் என்று அறிவித்தார்கள். சில ஆண்டுகளிலேயே நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான படங்கள் டவுன்லோடு ஆகத் தொடங்கின. காடு அழிவது, பயிர் விளைச்சல், ஏரி சுருங்குவது என்று அதை வைத்து நடந்த ஆய்வுகள் ஏராளம். உங்கள் ஊர் ஏரி 1990-ல் எவ்வளவு பெரியதாக இருந்தது, இப்போது எவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்தே பார்க்க முடிவது இதனால்தான்.

டென்மார்க் 2002-ல் நாட்டின் எல்லா முகவரிகளையும், அவற்றின் இருப்பிடத்தோடு திறந்துவிட்டது. 2005 முதல் 2009 வரை கிடைத்த பலன் சுமார் 6.2 கோடி யூரோ, செலவு சுமார் 20 லட்சம் யூரோ என்று பின்னர் ஒரு ஆய்வு மதிப்பிட்டது. அதில் கவனிக்க வேண்டியது, கிட்டத்தட்ட 30 சதவீதப் பலன் அரசு அலுவலகங்களுக்கே கிடைத்தது. ஆமாம், ஒரு துறை இன்னொரு துறையிடம் விவரம் கேட்டுக் கடிதம் எழுதி அலைவதும் குறைந்துவிடும்.

விற்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2019-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிம விவரங்களை மொத்தமாக விற்கும் கொள்கையைக் கொண்டுவந்தது. வணிக நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், கல்வி நிறுவனங்களுக்கு 5 லட்சம். தனியுரிமை பறிபோகிறது என்று எதிர்ப்பு கிளம்ப, 2020-ல் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. அதாவது ரகசியமாக இருக்க வேண்டிய விவரம் விலைக்குப் போனது. அதே சமயம் 3 கோடி கொடுக்க முடியாத சின்ன ஸ்டார்ட்அப்புக்கு வாசலே மூடியிருந்தது. இரண்டு பக்கமும் தப்பு!

இந்தியா எங்கே நிற்கிறது?

கொள்கை அளவில் நாம் பின்தங்கி இல்லை.

- 2012 மார்ச்: தேசிய தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை அரசிதழில் வெளியானது. அதே ஆண்டு டேட்டா டாட் கவ் டாட் இன் தளம் தொடங்கப்பட்டது.
- 2017 பிப்ரவரி: அரசுத் திறந்த தரவு உரிமம் அறிவிக்கப்பட்டது. இதன் கீழ் வரும் தரவை வணிக நோக்கத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். தனிநபர் விவரம், அரசு முத்திரைகள், அடையாள ஆவணங்கள் போன்றவை இதில் வராது.
- 2021 பிப்ரவரி: வரைபடத் தரவுக்கான கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. அதுவரை முன் அனுமதி தேவைப்பட்ட மேப்பிங் வேலைகளை இந்திய நிறுவனங்கள் அனுமதி இன்றியே செய்யலாம் என்றானது.
- 2022: தமிழ்நாடு அரசு தனக்கென ஒரு தரவுக் கொள்கையை வெளியிட்டது.

மேப் விஷயத்தில் நம்மூருக்கு ஒரு பங்கு உண்டு. இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் நில அளவைப் பணி தொடங்கியது 1802-ல், சென்னை பரங்கிமலையில். வில்லியம் லாம்ப்டன் சங்கிலி வைத்து அளந்த முதல் அடிக்கோடு சுமார் 12 கிலோமீட்டர். அங்கே தொடங்கிய அளவைப் பணியின் பலனை ஒரு இந்திய நிறுவனம் அனுமதிக்குக் காத்திருக்காமல் பயன்படுத்த 200 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அப்புறம் ஏன் பிடிஎஃப்-பையே பார்த்துக்கிட்டிருக்கோம்?

கொள்கை இருக்கிறது, பழக்கம் மாறவில்லை. முக்கியக் காரணங்கள் இவைதான்.

முதலில், பயம். எக்செல் கொடுத்தால் யாராவது எண்ணை மாற்றிவிடுவார்கள் என்று பல அலுவலகங்களில் நினைக்கிறார்கள். கையெழுத்தும் சீலும் போட்ட தாள்தான் பாதுகாப்பு என்ற எண்ணம். ஆனால் மூலக் கோப்பு அரசுத் தளத்திலேயே இருந்தால், யார் மாற்றினாலும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். எண் தப்பாகப் போவதற்கு நான் டைப் அடிப்பதை விடப் பெரிய வழி வேறு என்ன இருக்கிறது?

அடுத்து, எழுத்துரு. இது தமிழுக்கே உரிய தலைவலி. பழைய எழுத்துருக்களில் அடித்த அரசு ஆவணத்தில் இருந்து ஒரு வரியை காப்பி செய்து பேஸ்ட் பண்ணிப் பாருங்கள். புரியாத கிறுக்கலாக வரும். கூகுளில் தேடினாலும் கிடைக்காது. யூனிகோடு முறையை ஏற்று தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டது 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டின்போது. அதற்கு முந்தைய ஆவணங்கள் பலவும் இன்னும் தேட முடியாத தமிழில்தான் கிடக்கின்றன.

மூன்றாவது, பழைய தரவு. மக்கள்தொகை என்று எதை எடுத்தாலும் 2011-க்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், அடுத்தது 2027-க்கு என அறிவிக்கப்பட்டது. 2011-ல் பிறந்த குழந்தை, அடுத்த கணக்கெடுப்பில் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுக்கும் வயதுக்கு வந்துவிடும்.

எல்லாத்தையும் திறந்துவிடலாமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யார் எந்த நோய்க்கு மருந்து எடுக்கிறார், யார் எவ்வளவு உதவித்தொகை வாங்குகிறார் என்பதெல்லாம் ஊர் வாசிக்க வேண்டிய விஷயம் இல்லை. பெயரை நீக்கிவிட்டால் போதுமே என்று தோன்றலாம். போதாது! அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990-களில் அரசு ஊழியர்களின் மருத்துவ விவரங்களைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்தார்கள். அப்போது மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, 20 டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதி, பாலினம், பின்கோடு ஆகியவற்றை ஒப்பிட்டு, மாநில ஆளுநரின் மருத்துவக் குறிப்பையே கண்டுபிடித்துவிட்டார்.

நம்மூரில் வாக்காளர் பட்டியல் விவகாரமும் இந்த இழுபறிதான். தேட முடிகிற வடிவில் பட்டியல் வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர் கமல்நாத் தொடர்ந்த வழக்கை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. படமாகத் தருவது வாக்காளர்களின் தனியுரிமையைக் காக்கிறது என்பது தேர்தல் ஆணையத்தின் வாதம். போலிப் பெயர்களைக் கண்டுபிடிக்க முடியாமல் போகிறது என்பது எதிர்த்தரப்பின் வாதம். இரண்டிலும் நியாயம் இருப்பதால்தான் விவாதம் முடியவே இல்லை.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்தியது. தனிநபர் தகவலாக இருந்தாலும் பொதுநலன் கருதித் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. பொதுநலனுக்கான வழி 8(2) பிரிவில் இருக்கிறது என்கிறது அரசு. ஆனால் 'தனிநபர் தகவல்' என்று ஒரே வரியில் மறுப்பது இனி சுலபமாகிவிடும் என்று தகவல் உரிமை ஆர்வலர்கள் கவலைப்படுகிறார்கள். ராஜஸ்தானில் வாசித்த கூலிப் பட்டியல்களில் இருந்ததும் தனிநபர்களின் பெயர்கள்தானே?

இன்னொரு ஆபத்து, திறந்த தரவை யார் முதலில் எடுக்கிறார்கள் என்பது. கர்நாடகாவில் 'பூமி' திட்டத்தில் நில ஆவணங்கள் கம்ப்யூட்டர்மயமானதைப் பற்றி 2007-ல் ஒரு ஆய்வு வந்தது. பெங்களூரு சுற்றுவட்டாரத்தில் அதனால் அதிகம் பயன்பெற்றது சிறு விவசாயிகள் அல்ல, பெரிய அளவில் நிலம் வாங்குவோர் என்றது அந்த ஆய்வு. கதவைத் திறந்தால் மட்டும் போதாது. படி ஏற முடியாதவர்களுக்கு ஒரு கை கொடுக்கவும் ஆள் வேண்டும். மீனவர் ஆப் செய்தது அந்த வேலையைத்தான்.

சரி, நாம என்ன செய்யலாம்?

1. டேட்டா டாட் கவ் டாட் இன் தளத்தில் உங்கள் தொழிலுக்கோ படிப்புக்கோ தேவையானது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பதிவு செய்தால் ஏபிஐ வழியாகவும் எடுக்கலாம். இல்லாத தரவை வெளியிடுமாறு பரிந்துரைக்கவும் வசதி உண்டு.

2. பயன்படுத்தும்போது எந்தத் துறை, எந்தத் தேதியில் வெளியிட்டது என்று குறிப்பிடுங்கள். உரிமத்தின் நிபந்தனையே அதுதான்.

3. ஆர்டிஐ மனு போடும்போது "தகவலை எக்செல் அல்லது சி.எஸ்.வி கோப்பாகத் தரவும்" என்று ஒரு வரி சேருங்கள். கேட்ட வடிவத்திலேயே தகவலைத் தர வேண்டும் என்கிறது 7(9) பிரிவு. அலுவலகத்துக்கு அளவுக்கு மீறிய சுமை ஆகும் என்றாலோ, ஆவணத்துக்கு ஆபத்து என்றாலோதான் விலக்கு. தமிழ்நாட்டில் ஆன்லைனிலேயே மனு போடலாம்.

4. தரவில் தப்பு இருந்தால் துறைக்கு எழுதுங்கள். பலர் பார்க்கும்போதுதான் தப்பு வெளியே வரும். என் 74-ஐப் பிடித்ததும் ஒரு வாசகர்தான்!

அடுத்த மழைக்கு முன்னாடி...

தரவைத் திறப்பதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. பட்டியல் ஏற்கெனவே தயாராகிறது. அதை அடிப்பவர் பிரின்ட் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கோப்பையும் ஒரு பொது இடத்தில் சேமித்தால், பாதி வேலை முடிந்தது.

எங்கள் டெஸ்க்கில் இப்போது ஒரு புது ஏற்பாடு. மழைப் பட்டியலை ஒருவர் சத்தமாக வாசிப்பார், இன்னொருவர் டைப் அடிப்பார், மூன்றாவது ஆள் சரிபார்ப்பார். ஒரு கோப்பு வந்தால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு மூன்று பேர். கனமழை நாட்களில் அந்த மூன்று பேரும் செய்ய வேண்டிய வேறு வேலை இருக்கிறது. எந்தச் சுரங்கப்பாதை மூடியிருக்கிறது, எந்த ஏரியில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பட்டியலை வாசித்து முடிக்கிறவரை அது காத்திருக்கிறது.